கொலாஸ்டமி முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கேட்டு வாங்க வேண்டியவை

எங்கள் மகன் மலத்துவாரம் இல்லாமல் பிறந்தான். சுமார் 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி நேரும் என்றார்கள். தாராபுரத்திலிருந்து 108-இல் கோவைக்குப் போனோம்; ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, வயிற்றின் இடப்பக்கம் பெருங்குடலை வெளியே எடுத்து, அந்த வழியாக மலம் போகும்படி கொலாஸ்டமி செய்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாங்கள் பட்டதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

டிஸ்சார்ஜ் அன்று, மலம் சேர வயிற்றில் ஒட்டும் பையை எப்படி மாற்றுவது என்று கேட்டேன். "போகப்போகப் பழகிவிடும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். உங்கள் கையால் ஒருமுறை பையை மாற்றிப் பார்க்காமல் வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

என் வீட்டுக்காரர் தாராபுரத்தில் ஏறி இறங்காத மருந்துக்கடை இல்லை. எங்கும் பெரியவர்களுக்கான பைதான். அது குழந்தையின் தொடை வரை தொங்கி, ஓரமெல்லாம் கசிந்தது. ஸ்டோமாவை, அதாவது வயிற்றில் வெளியே தெரியும் குடல் வாயைச் சுற்றித் தோல் உரித்த தக்காளி போலாகிவிட்டது. துடைக்கத் துணியை எடுத்தாலே வீறிடுவான். விளக்கெண்ணெய் தடவச் சொன்னார் ஆத்தா. எண்ணெய் பட்ட இடத்தில் பை ஒட்டவே ஒட்டாது.

கோவையில் வயதில் மூத்த நர்ஸ் ஒருவர்தான் வழி காட்டினார். "ஸ்டோமாவைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகத் துளை வெட்டு கண்ணு. தோல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டு." புண் ஆறும்வரை பையே வேண்டாம் என்றார். துத்தநாகக் களிம்பைக் கனமாகப் பூசி, பழைய வேட்டித் துணியை மடித்து வைத்து, டயப்பரை மேலே ஏற்றிக் கட்டினோம். தோல் தேறியது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழுத அழுகையில் குடல் விரல் நீளத்துக்கு வெளியே வந்துவிட்டது. பக்கத்து மருத்துவமனையில், "டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். குழந்தையின் துணியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கோவையில் டாக்டர் அழுகை அடங்கும்வரை காத்திருந்து மெதுவாக உள்ளே தள்ளினார். குடல் சிவப்பாக, ஈரமாக இருந்தால் பதற வேண்டாம், டாக்டரிடம் காட்டினால் போதும். கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், மலம் நின்று வயிறு உப்பினால், வாந்தி எடுத்தால் உடனே ஓடிவர வேண்டும் என்றார். இதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

புதிய மலத்துவாரம் அமைக்கும் அடுத்த ஆபரேஷனுக்கு முன் கீழ்க்குடலில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. வயிற்றில் இருப்பதோ இரண்டு துவாரங்கள். மலம் வருவது இது, சளி மட்டும் வருவது அது என்று தொட்டுக் காட்டினேன். டாக்டர் எழுதித் தந்தால்தான் எடுப்போம் என்றார்கள் எக்ஸ்ரே எடுப்பவர்கள். கைக்குழந்தையோடு பஸ் ஏறிப் போனது வீண். எது மேல்குடல், எது கீழ்க்குடல் என்று படம் வரைந்து கையெழுத்திட்டு வாங்கிவிடுங்கள். இதய எக்கோ, சிறுநீரக ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும் அதே ஃபைலில் இருக்கட்டும்.

புதிய மலத்துவாரம் அமைத்தாகிவிட்டது. அது சுருங்காமலிருக்க டைலேட்டர் (துவாரத்தை விரித்து வைக்கும் வழவழப்பான குச்சி) வைக்க வேண்டும். இம்முறை டாக்டர் முன்னாலேயே என் கையால் வைத்துக் காட்டிய பிறகுதான் கிளம்பினேன். வயதுக்கேற்ற அளவு எட்டியதும் கொலாஸ்டமியை மூடுவார்கள். இன்னும் இரண்டு அளவு பாக்கி.