ஜிபே இருக்கற போன்ல பூட்லோடர் அன்லாக் வேண்டாம், பழைய போன் இருந்தா தாராளமா பண்ணுங்க

சித்தி பையன் காலேஜ் சேந்ததுலேர்ந்து ஒரே கேள்வி, "அண்ணா பூட்லோடர் அன்லாக் பண்ணி கஸ்டம் ரோம் போடவா, யூட்யூப்ல பத்து நிமிஷத்துல முடிச்சிடறாங்க"ன்னு. நான் திருப்பி கேட்டது ஒண்ணுதான், ஜிபேயும் பேங்க் ஆப்பும் இருக்கறது அந்த போன்லதானா? ஆமான்னான். அப்போ அத தொடாதடான்னு சொல்லிட்டேன். இதே கேள்வியோட நிறைய பேர் இருப்பீங்க, அதான் கொஞ்சம் விளக்கமா எழுதறேன்.

பூட்லோடர்ங்கறது போன ஆன் பண்ணதும் ஆண்ட்ராய்டுக்கு முன்னாடி ஓடற சின்ன ப்ரோக்ராம். லாக்ல இருக்கற வரைக்கும் கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கற சாஃப்ட்வேர மட்டும்தான் உள்ள விடும். அன்லாக் பண்ணா யார் செஞ்ச ரோமும், அதாவது போனோட முழு ஆண்ட்ராய்டு சாஃப்ட்வேரும், ஏறும்; கம்பெனி செய்யாம வெளியாளுங்க செஞ்சதுதான் கஸ்டம் ரோம். ஆனா அன்லாக் பண்ற அந்த நேரத்துலயே போட்டோ, சாட், டவுன்லோட் எல்லாம் மொத்தமா அழிஞ்சுடும். வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்க, திருடுன போன அன்லாக் பண்ணி உள்ள இருக்கறத எடுத்துடக் கூடாதுல்ல. அதனால பேக்கப் எடுக்காம அந்தப் பக்கமே போகாதீங்க.

அதவிட பெரிய தலைவலி பேங்க் ஆப்தான். கூகுளோட ப்ளே இன்டெக்ரிட்டின்னு ஒரு சோதனை இருக்கு, நிறைய பேங்க் ஆப்பும் யுபிஐ ஆப்பும் அது வழியா இந்த போன் நம்பகமானதான்னு பாக்குது, 2025ல ஆண்ட்ராய்டு 13லேர்ந்து மேல உள்ள போன்களுக்கு கூகுள் அத இன்னும் இறுக்கிடுச்சு, இப்ப போனோட ஹார்ட்வேர்லேர்ந்தே சாட்சி கேக்குது. மேஜிஸ்க்ங்கற, போன்ல முழு அதிகாரம் (ரூட்) தர்ற கருவிய போட்டு, அதுல மாட்யூல்ங்கற கூடுதல் துண்டு வச்சு அன்லாக் ஆனத மறைக்கறவங்க இருக்காங்க, நெஜம்தான், ஆனா இன்னைக்கு வேலை செய்யற வழி அடுத்த மாசம் செத்துடும், அப்புறம் புது மாட்யூல் தேடிட்டு ராத்திரி உக்காந்திருக்கணும். பர்ஸே எடுத்துட்டு போகாத பழக்கம் வந்தாச்சு நமக்கு, மெடிக்கல் ஷாப்ல மாத்திரைய கைல வாங்கிட்டு ஆப் திறக்காம நிக்கற நெலம ஒரு பிகினருக்கு எதுக்கு? சில போன்ல வைட்வைன், அதாவது படத்த காப்பியடிக்காம காக்கற பூட்டு, எல்1ங்கற மேல் நிலைலேர்ந்து எல்3ங்கற கீழ் நிலைக்கு எறங்கிடும், அப்புறம் நெட்ஃப்ளிக்ஸ் 480பிதான்.

கம்பெனிக்கு கம்பெனி கதை வேற. பிக்சல்ல செட்டிங்ஸ்ல ஒரு ஸ்விட்ச், கம்ப்யூட்டர்ல ஒரு கமாண்ட், முடிஞ்சது. ஷாவ்மில முன்னாடி 168 மணி நேரம் காத்திருந்தா போதும், ஹைப்பர் ஓஎஸ்ங்கற அவங்க புது சாஃப்ட்வேர் வந்தப்புறம் ரூல்ஸ் ரொம்ப கடுமை. ஹுவாவே 2018லயே அன்லாக் கோட் குடுக்கறத நிறுத்திடுச்சு. சாம்சங்ல கஸ்டம் சாஃப்ட்வேர் ஏத்துனா நாக்ஸ்ங்கற ஃப்யூஸ் எரிஞ்சுடும், பழைய சாஃப்ட்வேரே திரும்ப போட்டாலும் அது சரியாகாது, ரகசிய ஃபைல பூட்டி வைக்கற செக்யூர் ஃபோல்டர் போனது போனதுதான்.

இவ்ளோ சொல்றேன்னு இது மோசமான வேலைன்னு நெனக்காதீங்க, எனக்கு உசுரு இது. போக்கோ எஃப்1 எடுத்துக்கங்க, 2018ல ஆண்ட்ராய்டு 8.1ஓட வந்துச்சு, கம்பெனி அப்டேட் ஆண்ட்ராய்டு 10ஓட நின்னுடுச்சு, ஆனா உள்ள இருக்கற ஸ்னாப்ட்ராகன் 845 நல்லாதான் ஓடிட்டு இருந்துச்சு. லினேஜ் ஓஎஸ்ங்கற கஸ்டம் ரோம் இருந்ததாலதான் அந்த போனுக்கு அதுக்கப்புறமும் புது ஆண்ட்ராய்டும் செக்யூரிட்டி பேட்சும் கெடச்சுது. 2016 கடைசில சயனோஜென்மாட்ங்கற பழைய கஸ்டம் ரோம மூடுனப்போ அந்த கோட எடுத்து சம்பளம் வாங்காம தொடர்ந்து பண்ணவங்கதான் லினேஜ் ஆளுங்க. நல்லா இருக்கற போன் குப்பைக்கு போகாம காப்பாத்தறது எவ்ளோ பெரிய விஷயம்!

அதனால டிராயர்ல கெடக்கற பழைய போன எடுங்க. மொதல்ல அதோட கோட்நேம், அதாவது அந்த மாடலுக்கு கம்பெனி வச்ச உள்பேர், என்னன்னு பாருங்க, பேர மட்டும் பாத்து ரோம் எறக்காதீங்க. ரெட்மி நோட் 4ங்கற ஒரே பேர்ல மீடியாடெக் சிப்போட ஒண்ணு, ஸ்னாப்ட்ராகன் சிப்போட ஒண்ணு வந்துச்சு, இந்தியால வித்தது ஸ்னாப்ட்ராகன், அதோட கோட்நேம் மிடோ. ஒண்ணோட ரோம இன்னொண்ணுல போட்டா போன் பிரிக் ஆகிடும், அதாவது ஆன் ஆகாம செங்கல் மாதிரி கெடக்கும். கம்பெனியோட ஒரிஜினல் ரோமையும் முன்னாடியே எறக்கி வச்சுக்கங்க, ஏதாவது ஆச்சுன்னா திரும்பி வர அதுதான் வழி. கஸ்டம் ரோம் உள்ள இருக்கும்போது பூட்லோடர திரும்ப லாக் பண்ணாதீங்க, நிறைய போன் செத்தது அப்படித்தான், கையெழுத்து பொருந்தலன்னு பூட் ஆகாமலே நின்னுடும்.

பழைய போன் இல்லாதவங்களுக்கு, அன்லாக் இல்லாமலே பண்ண நிறைய இருக்கு. ஆண்ட்ராய்டு 9லேர்ந்து பிரைவேட் டிஎன்எஸ்ன்னு, வெப்சைட் முகவரிய எந்த சர்வர்கிட்ட கேக்கணும்னு சொல்ற செட்டிங் இருக்கு, அதுல விளம்பரம் தடுக்கற சர்வர் பேர் போட்டா பாதி விளம்பரம் காணாம போயிடும். வேற லாஞ்சர், அதாவது ஹோம் ஸ்கிரீன் ஆப், போட்டா போன் முகமே மாறிடும். கம்ப்யூட்டர்லேர்ந்து போனுக்கு கமாண்ட் குடுக்கற ஏடிபி கத்துக்கிட்டா கம்பெனி திணிச்ச ஆப்களயும் உங்க யூசர்லேர்ந்து தூக்கிடலாம், தப்பா தூக்கிட்டா ஒரு கமாண்ட்ல திரும்ப கொண்டு வரலாம், ஆனா என்னன்னு தெரியாத சிஸ்டம் ஆப்ப தொடாதீங்க, திரும்ப திரும்ப ரீஸ்டார்ட் ஆகற பூட்லூப்ல மாட்டிக்கும்.

இன்னொண்ணு, அன்லாக் வேற ரூட் வேற, லினேஜ் போட ரூட்டே தேவயில்ல. பழைய போன்ல பண்றீங்கன்னாலும் மொதல் தடவ ரோம மட்டும் போட்டு ஒரு மாசம் ஓட்டுங்க, ரூட் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்.