பழைய கேம்பர் வேனும் அதற்குள் புகுந்த தண்ணீரும்

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் அந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று மாலையே, "எந்த நடிகரோட கேரவன் சார்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் குளிரூட்டிய வண்டி என்பதுதான் நம் ஊரில் பலருக்கும் தெரிந்த பொருள். மேலை நாடுகளில் காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும் சிறு வீட்டுக்கு அந்தப் பெயர். நான் வாங்கியதோ தானே ஓடும் டெம்போ டிராவலர், உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு மேடை, ஒரு கழிப்பறை. இதைத்தான் கேம்பர் வேன் என்கிறார்கள். நெய்வேலியில் அனல் மின் நிலையத்தில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இப்படி ஓர் ஆசை வந்ததற்குக் காரணம் என் மனைவியின் முழங்கால் வலிதான். கோயில் ஊர்களில் மாடிப்படி இல்லாத அறையையும் உட்காரும் வகைக் கழிப்பறையையும் தேடித்தேடிச் சலித்துப்போய், அறையையே உடன் கொண்டுபோனால் என்ன என்று ஒருநாள் அவளே கேட்டாள்.

புதிதாகக் கட்டித் தருபவர்கள் சொன்ன விலை என் ஓய்வூதியப் பணத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. எனவே 2025 ஜனவரியில் பழைய வண்டிகளைத் தேடத் தொடங்கினேன். பார்த்தவற்றில் பாதிக்கு மேல் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்தவுடனேயே கழிந்துபோயின. பயணிகள் வேனாகப் பதிவான வண்டியில் இருக்கைகளைக் கழற்றிக் கட்டிலைப் போட்டிருப்பார்கள், ஆர்.சி.யில் அந்த மாற்றம் ஏறியிருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அது அனுமதியற்ற மாற்றம் என்பது ஒருபுறம் இருக்க, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கை வைக்கும் இடமும் அதுதான். வாகன வகை என்ற கட்டத்தில் 'கேம்பர் வேன், சொந்த உபயோகம்' என்று இருக்கிறதா என்பதை எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகே, வண்டியைப் பார்க்கப் பேருந்து ஏறுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்படித் தேர்ந்து போய்ப் பார்த்த முதல் வண்டி புதுச்சேரி கிருஷ்ணா நகர்ப் பக்கம் நின்றது. வண்டி பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு. குறைவாக இருந்ததே எனக்கு உறுத்தியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டி, அந்தப் பகுதியில் ராணுவத்தினர் வந்து மக்களை மீட்க நேர்ந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். "தண்ணியெல்லாம் ஏறல சார், உயரமான இடத்துல நிறுத்தியிருந்தோம்" என்றார் விற்பவர். நான் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சீட் பெல்ட்டை அதன் முழு நீளத்துக்கும் இழுத்தேன். வெளியே தெரிந்த பகுதி வெளுத்துத் தூய்மையாக இருந்தது; சுருளின் அடியிலிருந்து வந்த கடைசி ஒரு முழம் மட்டும் சேறு காய்ந்து விறைத்து, விரலால் நெருடினால் பொடி உதிர்ந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரில் நின்ற வண்டியின் என்ஜினைக்கூடச் சரிசெய்துவிடலாம். ஆனால் சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளின் இணைப்புகள் ஓராண்டு, ஈராண்டு கழித்து ஒவ்வொன்றாகப் பச்சை பூத்து அறுந்துகொண்டே வரும்.

நான் வாங்கிய வண்டி அதற்கு மூன்று வாரம் கழித்து, புதுச்சேரியிலேயே வேறொரு பகுதியில் கிடைத்தது. 2012இல் பதிவான பிஒய் 01 எண். ஓடியது எண்பதாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வெள்ளத்தில் நிற்கவில்லை என்பதை மேற்படி பெல்ட் சோதனையும், இருக்கைகளின் அடியில் துருவேறாத திருகாணிகளும் உறுதிசெய்தன. என்ஜினைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. மெர்சிடிஸின் பழைய டீசல் என்ஜின் வழிவந்த அந்த வகை என்ஜினுக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலும் கடலூரிலும் கை பழகிய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்; உதிரிப் பாகமும் கிடைக்கிறது. டயர்களில் மட்டும் பட்டன் நன்றாக இருந்தும், பக்கவாட்டில் 2316 என்ற நான்கு இலக்கம் இருந்தது. அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தவை. ஓடாமல் நின்றே முதுமையடைந்த ரப்பர் அது. டயர்களை மாற்றியாக வேண்டும் என்று சொல்லி விலையில் அதைக் கழிக்கச் சொன்னேன்.

என் கவலையெல்லாம் மரத்தைப் பற்றியது. என் மைத்துனர் மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே பழைய கேரவன் வாங்குகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது ஈரப்பதமானிதான் என்று அவன்தான் சொன்னான். இரண்டு ஊசி உள்ள சிறு கருவி. சுவரில் குத்தினால் மரத்தில் உள்ள ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும். பதினைந்துக்குக் கீழே என்றால் கவலையில்லை, இருபதைத் தாண்டினால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது என்பது அவர்கள் வழக்கில் உள்ள கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே கடலூருக்குக் கொண்டுவர முடியாது. நம் கடற்கரைக் காற்றில் என் வீட்டு நிலைக்கதவே பதினாறு காட்டியது. ஆகவே எண்ணைத் தனியாகப் பார்க்காமல், ஒரே வண்டிக்குள் ஓரிடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும் என்று நானாகவே ஒரு முறையை வகுத்துக்கொண்டு, சுவர், தரை, அலமாரி என்று நாற்பது இடங்களில் அளந்து குறித்தேன். பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து. பின்பக்க இடது மூலையில் மட்டும் மேலே இருபத்தொன்று, நடுவே இருபத்தாறு, தரையருகே அளவியின் எல்லையைத் தாண்டியது. அந்த இடத்தில் மிதித்தால் வினைல் விரிப்பு மெத்தைபோல் அழுந்தியது.

அதைக் காட்டிய பிறகுதான் எட்டரை லட்சம் என்று சொன்ன விலை ஆறே முக்கால் லட்சத்துக்கு இறங்கியது. பதிவின் பதினைந்து ஆண்டு 2027இல் முடிகிறது, அப்போது ஆய்வுக்குக் காட்டி ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் பேரத்தில் எனக்குக் கைகொடுத்தது. விற்றவர் நல்ல மனிதர். ஆனால் "சின்ன ஒழுகல்தான் சார், ஒரு டியூப் சிலிக்கான் போட்டா போதும்" என்றதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

காகித வேலைக்கு வருகிறேன். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே இருபத்து மூன்று, இருபத்து நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வேறு ஆட்சிப்பகுதி. "பிஒய் நம்பர்லயே ஓட்டுங்க, யார் கேக்கப் போறாங்க" என்று சொன்னவர்களுக்குக் குறைவில்லை. வேறு மாநிலப் பதிவு கொண்ட வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புது எண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. எப்படியும் செய்ய வேண்டியதை விற்றவர் தொடர்பில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது என்று நினைத்தேன். அது சரியான முடிவு என்பது பின்னால் தெரிந்தது.

பழைய பதிவு அலுவலகம் தரும் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28இல் விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவில் உள்ள உரிமையாளர், வாங்குகிறவர் அல்லர். இணையத்தில் விண்ணப்பித்தால் ஓடிபி போவது ஆர்.சி.யோடு இணைத்த கைப்பேசி எண்ணுக்கு. அந்த எண்ணை விற்றவர் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டிருந்தார். முதலில் அதை மாற்றுவதற்கு ஒரு வாரம். பிறகு பார்த்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போனதற்காக இரண்டு அபராதங்கள் கட்டப்படாமல் நிலுவையில் நின்றன. அவற்றைத் தீர்க்காமல் சான்று நகராது. அவருடைய மகன் ஓட்டியதாம். நான் மொத்தப் பணத்தில் ஐம்பதாயிரத்தைச் சான்று கைக்கு வந்த பிறகு தருவதாக எழுதி வைத்துக்கொண்டதால் அபராதம் மறுநாளே கட்டப்பட்டது. வண்டியை ஒப்படைத்த நாளோடு மணியையும் ஒப்பந்தத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். அதற்கு முந்தைய குற்றம் அவருடையது, பிந்தையது என்னுடையது.

சேஸ் எண் நகல் எடுப்பது ஒரு தனிக் கலை. வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். கடற்காற்றில் துருப் பிடித்திருந்த எங்கள் வண்டியில் நடு எண்கள் இரண்டு எழவே இல்லை. மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கியும் கொண்டு அரை மணி நேரம் வண்டியடியில் படுத்துத் தேய்த்த பிறகுதான், எட்டும் மூன்றும் தனித்தனியே தெரிந்தன. பிறகு உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களும், புது எண்ணுக்கான 27ஆம் படிவமும், இங்கே கட்ட வேண்டிய வரியும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியதும் முடிந்து, மே மாதம் டிஎன் 31 எண் கிடைத்தது. காப்பீட்டை என் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாள்தான் அவகாசம் என்பதால் அதை முன்பே முடித்திருந்தேன். விற்றவரின் நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, அவரோடு போய்விடும், நமக்கு வராது.

இனி தரை. திருப்பாதிரிப்புலியூரில் படகு வேலையும் செய்து பழகிய ஆசாரி ஒருவர் வந்தார். வினைலைக் கிழித்து, உளி நுனியை உள்ளே விட்டு நெம்பியதும் பிளைவுட் பரோட்டாவைப்போல் ஏடு ஏடாகக் கையோடு வந்தது. "சார், இது மரமில்ல, ஊறவெச்ச ரஸ்க்கு" என்றார். தரையில்தான் அழுகியிருந்தது, ஆனால் தண்ணீர் வந்தது கூரையிலிருந்து. காற்றுப்போக்கிக்காகக் கூரையை வெட்டிய இடத்தில் பூசியிருந்த சிலிக்கான் வெயிலில் சுருங்கி, மயிரிழை அளவு விலகியிருக்கிறது; அதன் வழியே இறங்கிய நீர் சுவரின் இரு தகடுகளுக்கு நடுவே, யார் கண்ணிலும் படாமல் மூலைவரை ஓடித் தேங்கியிருக்கிறது. விற்றவரும் அவருக்கு முன்பு யாரோவும் பழைய சிலிக்கானின் மேலேயே மூன்று முறை புதிதாகப் பூசியிருந்தார்கள். சிலிக்கான் ஆறிய சிலிக்கானோடு ஒட்டாது. முழுவதையும் பிளேடால் சுரண்டி, தின்னரால் துடைத்து, பாலியூரித்தேன் சீலண்ட் வைத்து, காற்றுப்போக்கியை மறுபடி திருகினோம். இரும்புச் சட்டத்தில் துருவை உரித்துச் சிவப்பு ஆக்சைடு அடித்து, பிறகே பன்னிரண்டு மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் போட்டது. பிளைவுட்டின் வெட்டு முனைகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுக்காமல் விடக் கூடாது என்று ஆசாரி பிடிவாதமாக நின்றார். தண்ணீர் பலகையின் முகத்தில் நுழையாது, விளிம்பில்தான் நுழையும்.

சோதனைக்காக நான் ஏணியில் நின்று கூரைமேல் ஹோஸ் குழாயால் தண்ணீர் அடிக்க, மனைவி உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் கழித்து, "என்னங்க, இங்க ஒரு சொட்டு" என்றாள். காற்றுப்போக்கியில் இல்லை, அதற்கு ஒரு முழம் தள்ளி, சூரியத் தகட்டின் கால் திருகிய இடத்தில். அதையும் கழற்றிப் பூசினோம். மறுநாள் முக்கால் மணி நேரம் அடித்தும் அவள் அழைக்கவில்லை. எட்டிப் பார்த்தால் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மின்வேலை என் சொந்தத் துறை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியில் ஏசி இரவு முழுவதும் ஓடும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 1800 வாட் மணி. டியூபுலர் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கையில் நிற்பது 900. ஒரு டன் ஏசி ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வெளி மின்சாரம் கிடைக்கும் இடத்தில் மட்டும் ஏசி, மற்ற இரவுகளில் இரண்டு டிசி மின்விசிறி என்று வைத்துக்கொண்டோம். என்னைப் பதறவைத்தது வேறு: 230 வோல்ட் பிளக் பாயின்ட்டுகளில் மூன்றாவது துளை இருந்தது, எர்த் கம்பி இல்லை. தகட்டுச் சுவர் கொண்ட வண்டியில் அது விளையாட்டில்லை. எல்லாக் கம்பியையும் மாற்றி மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போட்டேன். அடுப்பின் கீழே தரைமட்டத்தில் இருக்க வேண்டிய காற்றுத் துளையையும், கரப்பான் வருகிறது என்று யாரோ தகடு வைத்து அடைத்திருந்தார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். தகட்டை எடுத்துக் கம்பி வலை வைத்தோம்.

டயர், தரை, மின்வேலை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தை நெருங்கியது. முதல் பயணம் திருநள்ளாறு; இரண்டாவது கும்பகோணம். பெரிய கோயில் ஊர்களில் இரவு நிறுத்த இடம் கேட்பதைவிட, ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்கில் டீசல் போட்டுவிட்டுப் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒருநாள் ஆசைக்கு நிறுத்தினோம்; அதன் பிறகு அங்கே கொண்டுபோவதில்லை. மறுநாள் காலை கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. வீடு திரும்பியதும் அடிச்சட்டத்தை நல்ல தண்ணீரில் கழுவினேன்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் அந்த நாற்பது இடங்களிலும் ஊசியைக் குத்தி, வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வருகிறேன். மழை நாளில் பொதுவாகப் பதினேழு, பதினெட்டு. பின்பக்க இடது மூலை பத்தொன்பது. தரை மாற்றியதில் சுவருக்குள் மிச்சமிருந்த பழைய ஈரம் காய்கிறதா, புதிதாக இறங்குகிறதா என்பது கார்த்திகை முடியும்போதுதான் தெரியும். அதுவரை அந்த மூலையில் மட்டும் வினைலை ஒட்டாமல் மடித்து வைத்திருக்கிறேன்.