ஒரு தட்டுவடை செட்டும் ஒரு போஸ்டரும்

சேலம் அம்மாபேட்டையில் மச்சான் தட்டுவடை செட் கடை போடுகிறான். ஆடிப் பண்டிகைக் கூட்டத்துக்கு முன்னால் திறந்துவிட வேண்டும் என்று அவசரம். நேற்று ஃபிளெக்ஸ் டிசைனை அனுப்பினான். பதினாறு அயிட்டம், மூன்று சாமி, அவன் முகம், அவன் அப்பா முகம், இரண்டு போன் நம்பர். தட்டுவடையைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கே நேரமாயிற்று.

அவனுக்கு 1967 தேர்தல் கதையைச் சொன்னேன். ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். பிரசாரத்துக்கே போக முடியவில்லை. கழுத்தில் கட்டோடு அவர் இருந்த படம்தான் போஸ்டராக ஊர் ஊராகப் போனது. பரங்கிமலையில் ஜெயித்தார். அந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதே தேர்தலில் தி.மு.க.வின் அரிசி வாக்குறுதி: 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்'. விலைவாசி, விவசாயக் கொள்கை என்று பேசாமல், வீட்டில் எல்லோரும் கையால் அளக்கும் படியைப் பேசினார்கள். (ஜெயித்த பிறகு சென்னையிலும் கோவையிலும்தான் ஒரு படி கிடைத்தது. சேலத்துக்காரர்களுக்கு வாக்குறுதி மட்டும். அது வேறு கதை.)

"சரி மாமா, இப்ப என்ன போடட்டும்?" என்றான்.

இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவல், ஓரத்தில் பச்சைச் சட்னி வழிகிற மாதிரி ஒரே படம். கீழே விலை.

ஒத்துக்கொண்டான். அப்பா முகத்தை மட்டும் எடுக்க மாட்டானாம்.