மாத்திரையைக் குறைக்க செல் சிகிச்சை: நாங்கள் விசாரித்த அனுபவம்

எனக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் கூடப்பிறந்த ஆச்சிதான் (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). காரைக்குடியில் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தபோதே டேக்ரோலிமஸ், மைகோபெனோலேட், ஸ்டீராய்டு என்று மாற்று அறுவைக்குப் பிறகு, புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை உண்டு என்று சொல்லிவிட்டார்கள். கை நடுக்கம், சர்க்கரை, தொற்று, நாளடைவில் புதுச் சிறுநீரகத்துக்கே சேதம் வரலாம் என்று கேட்டதும் ஆச்சிக்கு மனசு ஆறவில்லை. "வேற வழி இருக்கான்னு கேளு தம்பி" என்றார்.

மதுரையில் டாக்டரிடம் கேட்டோம். பொறுமையாக விளக்கினார். கொடுப்பவருக்குச் சில நாள் ஊசி போட்டு, எலும்பு மஜ்ஜையின் மூலச் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, மெஷினில் பிரித்தெடுக்கிறார்கள். பெறுபவருக்குச் சிறுநீரகம் வைத்தபின் நிணநீர்ச் சுரப்பிகளுக்குக் குறைந்த அளவு கதிர்வீச்சும், டி-செல்களை (எதிர்ப்பு சக்திக்கான வெள்ளை அணுக்களை) குறைக்கும் மருந்தும் கொடுத்து அந்தச் செல்களை ஏற்றுகிறார்கள். இருவரின் செல்களும் ஒரே உடம்பில் சேர்ந்து வாழத் தொடங்கினால், வந்த சிறுநீரகத்தையும் உடம்பு தன்னுடையதாக ஏற்கும். பிறகு மாதக்கணக்கில் கவனித்து மாத்திரையைக் குறைக்கிறார்கள். சிலருக்கு முழுவதும் நிறுத்தியும் இருக்கிறார்கள். இது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக முறை. ஸ்டான்ஃபோர்டும் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையும் 2008-லேயே முடிவுகளை வெளியிட்டுவிட்டன. நம் நாட்டில் மறைந்த டாக்டர் எச்.எல். திரிவேதி அகமதாபாத்தில் வேறொரு முறையில் மூலச் செல் கொடுத்துப் பார்த்தார்.

கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. அப்புறம் எச்எல்ஏ ரிப்போர்ட், அதாவது இருவரின் திசுவும் எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை முடிவு, வந்தது. உடன்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்புதான். எங்களுக்குப் பாதி. பாதிப் பொருத்தத்தில், கொடுத்தவரின் செல்களே பெற்றவரின் தோல், குடல், ஈரலைத் தாக்கும் ஆபத்து கூடுதல். இன்னும் ஆய்வில் இருக்கிற சிகிச்சை வேறு. "உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்" என்றார் டாக்டர். எனக்கு ஏமாற்றம்தான். காரணம் புரிந்ததில் ஆச்சி நிம்மதியாகிவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாத்திரை குறைந்தது வழக்கமான வழியில், மெல்ல மெல்ல. ஸ்டீராய்டு இப்போது 5 மில்லிகிராமில் நிற்கிறது. டேக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில், இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆனபின் ரத்தம் கொடுத்து, அதற்குப் பிறகே காலை மாத்திரை. மதுரை பஸ்ஸில் அது என் கைப்பையிலேயே இருக்கும். பம்பளிமாஸ் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் யார் ஆசையாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மாற்று அறுவை வரப்போகிறது, கொடுப்பவர் கூடப்பிறந்தவர் என்றால், தேதி குறிக்கும் முன்பே எச்எல்ஏ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். பெரும்பாலும் இந்தச் சிகிச்சையை ஆபரேஷனை ஒட்டித்தான் திட்டமிடுகிறார்கள். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள் தயவுசெய்து ஒரு மாத்திரையைக்கூடத் தாங்களாக நிறுத்தாதீர்கள்.