எடைப்பாலத்துக்கு இரண்டு முறை திரும்பினேன்

2022 நவம்பர். முந்தின இரவு நல்ல மழை. காலை ஷிப்டுக்கு மோட்டாரில் போய்க்கொண்டிருந்தேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டித் தோட்டத்துச் சாலைக்குள் நுழைகிற வளைவில் சக்கரம் வழுக்கியது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாபகம் ஒன்பதாவது நாள்தான்: தலையில் கட்டு, கட்டிலோரத்தில் அம்மா. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் கட்டிக்கொண்டதால் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்களாம். ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிரோடு இருக்கிறேன்.

செம்பனை எண்ணெய் ஆலையில், லோரிகளை எடைபோடும் எடைப்பாலத்துக் கிராணி (எழுத்தர்) நான். லோரி செம்பனைக் குலையோடு உள்ளே வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. கழித்து வருவதுதான் குலையின் எடை. சிறுதோட்டக்காரர்களுக்கு அதை வைத்துத்தான் பணம். 16,420 கிலோவில் 6,380 போனால் 10,040 என்று கணினி காட்டுவதற்கு முன்பே என் வாயில் வந்துவிடும். பதினோரு வருஷப் பழக்கம்.

இரண்டரை மாதத்தில் காயம் ஆறியது, முடியும் வளர்ந்து தழும்பை மூடியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "பழைய ஆளா ஆயிட்டியேம்மா" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எம்சி (மருத்துவ விடுப்பு) முடிந்த மறுநாளே முழு ஷிப்டுக்குப் போய்விட்டேன். தலையில் அடிபட்டவர்கள் எப்படி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இப்போதும் அது எனக்கு வருத்தம்தான்.

முதல் நாள் பத்து மணிக்கே கண் இருட்டியது. வெளியே ஐந்து லோரி வரிசையில் நிற்கும். ஒருவர் ஹாரன் அடிப்பார், வாக்கி டாக்கி இரையும், ஜன்னலில் ஒருவர் மலாயில் ஏதோ கேட்பார். முன்பெல்லாம் இவை என் காதில் விழுந்ததாகவே நினைவில்லை. இப்போது எல்லாம் ஒரே சத்தத்தில் உள்ளே வந்தன. நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்புவதற்குள் எண் மறந்துபோகும். தினமும் பேசுகிற மலாய் வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிடும். வீட்டுக்குப் போனால் பிள்ளையிடம் எரிந்து விழுவேன். அடுப்பில் சோறு கருகிப் புகை வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு வாசனையே இல்லை என்று.

ஒன்பதாம் நாள் ஒரு சிறுதோட்டக்காரரின் குலையை இன்னொருவர் பெயரில் ஏற்றிவிட்டேன். மறுநாள் அந்தப் பெரியவர் சீட்டைக் கொண்டுவந்து, "அம்மாடி, இது என் லோரி இல்லையே" என்று மெதுவாகக் காட்டினார். நான்கு டன் வித்தியாசம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றே மேனேஜரிடம் சொல்லிவிட்டு மறுபடி விடுப்பில் போனேன்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ எங்களுக்கு அதுவரை பணம் தருகிற இடம் மட்டும்தான். வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்தும் வேலை விபத்துதான். ஆலை நிர்வாகம் கொடுத்த, விபத்தை அறிவிக்கும் ‘பாரம் 34’ படிவம், போலீஸ் ரிப்போர்ட், வீட்டிலிருந்து ஆலைக்குப் போகும் வழியின் வரைபடம், எம்சி எல்லாவற்றையும் என் கணவர் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போ அலுவலகத்தில் முன்பே கொடுத்திருந்தார். எம்சி நாட்களுக்குச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு வந்தது. ஆனால் வேலைக்குத் திரும்ப உதவுகிற திட்டம் ஒன்று 2007 முதலே அங்கே இருப்பது, அவர் இரண்டாவது முறை போய் நின்றபோதுதான் தெரிந்தது. என் விஷயத்தைக் கவனிக்க எனக்கென்று ஒரு கேஸ் மேனேஜரைப் போட்டார்கள். அவர் என்னை மலாக்காவில் இருக்கும் பெர்கேசோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்.

அங்கே முதல் வாரம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 93, 86... அதற்குமேல் வரவில்லை. கழித்தல்தான் என் பிழைப்பு என்று தெரபிஸ்டிடம் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு விளக்கினார்: முன்பு யோசிக்காமல் நடந்த காரியத்தை இப்போது மூளை ஒவ்வொரு படியாக முயன்று செய்கிறது, அதனால்தான் இத்தனை சீக்கிரம் களைக்கிறது, இதைச் சோம்பல் என்று எண்ணவே கூடாது. மூக்குக்கு மேலுள்ள எலும்பில் பொடிப்பொடித் துளைகள் வழியாக வாசனை நரம்பு போகிறதாம். தலை அதிரும்போது அது அறுந்துவிடலாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். எனக்கு இன்னும் வரவில்லை. சமையல் கேஸ் கசிகிறதா என்று மகளைத்தான் முகர்ந்து பார்க்கச் சொல்கிறேன்.

இரண்டாவது தடவை திரும்பும் முன்பு கேஸ் மேனேஜர் ஆலைக்கே வந்து எடைப்பால அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். முதல் மாதம் வாரத்துக்கு மூன்று நாள், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும். வாக்கி டாக்கி வேறு ஆளுக்குப் போனது. ஒரு லோரி வெளியேறிய பிறகுதான் அடுத்தது பாலத்தில் ஏறும். எண்ணை வாய்விட்டுப் படிப்பேன், நோட்டில் எழுதுவேன், அப்புறம்தான் தட்டச்சு செய்வேன். சரிபார்த்து நோட்டில் ஒரு டிக். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு பதினைந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்வேன். ஆறாம் மாதம் முழு நாள் வந்தது. இரவு ஷிப்டு மட்டும் இன்றுவரை எனக்கில்லை.

இந்த வழியில் வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளியிடம் "முடியவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. "ஒரே நேரத்தில் இருவர் பேசினால் எண் மறந்துபோகிறது" என்று சொல்லுங்கள், வழி பிறக்கும். நிரந்தர பாதிப்பை அளக்கிற டாக்டர்கள் குழுவுக்குப் போகும்போது தெரபிஸ்ட் எழுதிய அறிக்கை கையில் இருக்கட்டும். தழும்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் காகிதம்தான் பேசும். பாதிப்பு 20 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் பெர்கேசோ தருகிற தொகையை ஒரேயடியாகவும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் ஆளோடு பேசி முடிவெடுங்கள், தனியாக வேண்டாம்.

இப்போது லோரி அண்ணன்மார்கள் ஜன்னலுக்கு வந்ததும் தங்கள் வண்டி எண்ணை நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்கள். நான் யாரிடமும் கேட்டதில்லை. அந்தப் பெரியவர் மட்டும் இரண்டு தடவை சொல்வார், பிறகு என் நோட்டில் டிக் விழுகிற வரைக்கும் நிற்பார்.