எந்தக் காங்கோ? கின்ஷாசா – பிராசவில் படகுப் பயணக் குறிப்புகள்

காங்கோவுக்கு டிக்கெட் போடும்போது விமான நிலையக் குறியீட்டை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். எஃப்.ஐ.எச். என்றால் கின்ஷாசா, காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர். பி.இசட்.வி. என்றால் பிராசவில், காங்கோ குடியரசின் தலைநகர். தொலைபேசியில் முன்னதற்கு 243, பின்னதற்கு 242. நடுவில் ஓடுவது காங்கோ ஆறு. இரண்டும் தனி நாடு, தனி விசா. ‘எதிர்க்கரைதானே’ என்று ஒரே விசாவோடு கிளம்பினால் படகுத்துறையோடு பயணம் முடியும். போய்த் திரும்புவதாக இருந்தால் முதல் நாட்டு விசாவைப் பலமுறை நுழையும் வகையில் வாங்க வேண்டும். ஒற்றை நுழைவு விசா படகேறியதோடு காலி.

இந்தப் பெயர்க் குழப்பம் நேற்று வந்ததல்ல. ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி ஆண்ட கோங்கோ அரசின் பெயர்தான் ஆற்றுக்கு வந்தது. போர்த்துகீசிய மாலுமி தியோகோ காவ் 1482இல் அங்கு வந்து சேர்ந்தார். பிறகு வடகரை (பிராசவில் பக்கம்) பிரான்சிடமும் தென்கரை (கின்ஷாசா பக்கம்) பெல்ஜிய மன்னரிடமும் போயின. 1960இல் தென்கரை ஜூன் 30, வடகரை ஆகஸ்ட் 15 என்று ஆறே வார இடைவெளியில் விடுதலை. இரண்டுமே ‘காங்கோ குடியரசு’ என்று பெயர் வைத்துக்கொண்டன! தலைநகரை ஒட்டவைத்துச் சொல்லும் வழக்கம் அப்போது பிறந்தது. இன்றும் பேச்சில் காங்கோ-பிராசவில், காங்கோ-கின்ஷாசாதான். 1971இல் அதிபர் மொபுடு தென்கரை நாட்டையும் ஆற்றையும் ‘ஸயீர்’ ஆக்கினார். உள்ளூர் அடையாளத்தை மீட்பதாகச் சொல்லி அவர் எடுத்த அந்தப் பெயர், ஆற்றைக் குறிக்கும் கிகோங்கோ மொழிச் சொல்லைப் போர்த்துகீசியர் திரித்துச் சொன்னது. 1997இல் காங்கோ என்ற பெயர் திரும்பியது. பழைய வரைபடத்தில் ஸயீர் என்று கண்டால் மிரள வேண்டாம்.

பிராசவில்லையும் கின்ஷாசாவையும் இணைக்கப் பாலம் கிடையாது. படகுத்துறைக்கு இரு கரையிலும் ‘பீச்’ என்றே பெயர். கின்ஷாசா பக்கம் ‘பீச் ங்கோபிலா’. மணலைத் தேடாதீர்கள், மூட்டை, வரிசை, அதட்டல் மட்டுமே. ‘கனோ ரபீத்’ எனும் விரைவுப் படகில் கால் மணி நேரத்துக்குள் அக்கரை. ஆனால் காகித வேலைக்கு இரு கரையிலும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது: மாலைக்குப் பிறகு படகு இல்லை, ஞாயிற்றுக்கிழமையை நம்ப முடியாது.

படகுச்சீட்டு, துறைக் கட்டணம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, வெளியேறும் முத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஓட ‘புரோட்டோகோல்’ எனும் இடையாட்கள் வருவார்கள். ஒருவரை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. எவ்வளவு என்பதை முன்பே பேசி, பாதிப் பணத்தை முத்திரை விழுந்த பிறகு கொடுங்கள். கேமராவைப் பைக்குள்ளேயே வையுங்கள். இது எல்லை, துறையைப் படம் எடுத்தால் வம்பு.

துறையில் கையால் மிதிகட்டையைச் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளைக் கவனியுங்கள். மாற்றுத்திறனாளி வணிகர்களுக்குக் கட்டணச் சலுகை தரும் வழக்கத்தால் வளர்ந்த தொழில் இது. இருக்கைக்கு அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் பெட்டிகள் அடுக்கி, பின்னால் இரண்டு பேர் தள்ள, சரிவில் இறங்கும் வண்டியில் ஓட்டுபவரின் தலை மட்டுமே வெளியே தெரியும்.

பணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கின்ஷாசாவில் காங்கோ பிராங்கும் டாலரும் ஓடும். டாலர் தாளின் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் திருப்பித் தள்ளுவார்கள். ஒரு டாலர் தாளைச் சீந்துவதில்லை. உள்ளூர் பிராங்கு மட்டும் எவ்வளவு கந்தலானாலும் செல்லும். பிராசவில்லில் மத்திய ஆப்பிரிக்க சி.எஃப்.ஏ. பிராங்கு; ஒரு யூரோவுக்கு 655.957 என நிலையாகக் கட்டப்பட்டது. அங்கே கைவசம் யூரோ இருந்தால் நிம்மதி. செனகல் பக்கத்து சி.எஃப்.ஏ. மதிப்பு அதேதான், தாள் வேறு, செல்லாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழித்தே அட்டை செல்லுபடியாகும். பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அட்டையைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பினால் விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தும் இடத்துக்குத்தான்.

படகு கடக்கும் அகன்ற நீர்ப்பரப்பு மலேபோ குளம். அதில் மிதந்துவரும் ஆகாயத்தாமரைக்கு உள்ளூர் லிங்காலா மொழியில் ‘காங்கோ யா சிக்கா’, அதாவது புதிய காங்கோ! போதாக்குறைக்கு இதுவும் ஒரு காங்கோ. இதன் வேர் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டால் படகோட்டி எஞ்சினை நிறுத்தி, தூக்கி, கையால் பிய்த்தெடுக்க வேண்டும். அதற்குள் படகு நீரோட்டத்தோடு கீழே நழுவும். கீழே லிவிங்ஸ்டன் அருவிகள். கடலிலிருந்து கப்பல் இங்கு ஏற முடியாததற்கும், இரு கரையிலும் துறைமுகத்துக்கு ரயில் பாதை போட்டதற்கும் அவைதான் காரணம்.

அந்த அருவித்தொடரின் தொடக்கத்தைப் பார்க்க பிராசவில்லின் தென்மேற்கு முனையில் ஜுவே ஆறு கலக்கும் இடத்துக்கு டாக்சியில் போகலாம். ஆறு நிலநடுக்கோட்டை இருமுறை கடப்பதால் ஏதோ ஒரு பக்கம் எப்போதும் மழைதான்; முற்றாக வற்றாது. ஆனாலும் ஜூலை, ஆகஸ்டில் நீர் இறங்கிப் பாறைகள் வெளியே தெரியும். டிசம்பரில் பாறைகள் மூழ்கிவிடும். இரைச்சல் மட்டும் சாலை வரைக்கும் வரும்.