சாம்பல் கொட்டிய கரை

கூவம் கரையில் மூடிக்கிடந்த ஒரு பழைய தொழிற்சாலையில் தொல்லியல் சோதனைக் குழி போடப் போகிறோம் என்றதும், "அங்கே என்ன கிடைக்கப்போகுது?" என்றுதான் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கீழடி என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். துருப்பிடித்த போல்ட்டும் உடைந்த செங்கலும் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டும். 1734-ல் நெசவாளர்களுக்காகச் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தபோதே கூவம் வளைந்து ஓடும் இடமாகப் பார்த்துத்தான் அமைத்தார்கள். ஆற்றோரத் தொழிலைத் தள்ளிவைத்து இந்த ஊரின் கதையை எழுத முடியாது.

தோண்டும் முன்னால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நில அளவை வரைபடங்களைப் பார்த்தோம். புகைபோக்கி, பாய்லர் அறை, ஆற்றின் ஓரம் எல்லாவற்றையும் இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்ததில், ஆறு அன்று இப்போதையதைவிடத் தொழிற்சாலைப் பக்கமாக உள்ளே தள்ளி ஓடியிருந்தது. அப்படியானால் இப்போது நாம் நிற்கும் கரை எப்படி வந்தது?

மேலே இருந்த கான்கிரீட்டை ஜேசிபி பெயர்த்தது. அப்புறம் எல்லாம் கை வேலைதான். ஆற்றோரக் குழியில் செங்கல் இடிபாடு, அதற்குக் கீழே கனமாகக் கரிச் சாம்பல், அதற்கும் கீழே சாம்பல் நிற வண்டல். அந்த ஆழத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததால் பம்ப் ஓடியபடி இருந்தது. தொழிற்சாலை மண்ணில் எண்ணெயும் ரசாயனமும் இருக்கும். மண்ணைப் பரிசோதித்த பிறகுதான் ஆட்களை உள்ளே இறக்க வேண்டும், அதில் சமரசமே கூடாது.

பாய்லர் அறையில், அடுப்புச் சூட்டைத் தாங்கும் தீச்செங்கல் ஒன்று கிடைத்தது. வெளிர் மஞ்சள் நிறம், ஒரு முகத்தில் ஆங்கில எழுத்து முத்திரை, தீ பட்ட முகம் உருகிக் கண்ணாடி பூசியதுபோல் மின்னியது. முத்திரைக்குரிய கம்பெனி எப்போது தொடங்கியது என்று தெரிந்தால், அந்த அடுக்கு அதற்கு முந்தியது இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் என்னை அசைத்தது தரைதான். அடுப்பு வாய்க்கு நேரே செங்கல் இரண்டு இடத்தில் தேய்ந்து குழிந்திருந்தது.

அந்தத் தொழிற்சாலையில் முன்பு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் குழியோரம் வந்து நின்றார். "ஐயா, இது என்ன இடம்?" என்றேன்.

"அங்கதாம்மா நிப்போம். ஒருத்தன் கரி தள்ளுவான், இன்னொருத்தன் சாம்பல் வாருவான். வாருன சாம்பல் பூரா ஆத்தோரந்தான் போச்சு."

சாம்பல் அடுக்குக்கு அதைவிட நல்ல விளக்கம் வேறென்ன வேண்டும்? அந்தக் கரையை ஆள் வைத்து யாரும் கட்டவில்லை. ஷிஃப்ட் ஷிஃப்டாக வாரிக் கொட்டியே ஆற்றை ஒதுக்கியிருக்கிறார்கள். பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது பற்றி எழுத்தில் நிறைய இருக்கிறது. ஒரு தொழிலாளி எந்த இடத்தில் நின்று வெந்தான் என்பதை இந்த மாதிரித் தரைதான் சொல்லும்.

தொல்பொருள் என்று சொல்ல 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக 100 வயது கேட்கிறது. இந்த அறையின் பாதிக்கு அந்த வயது இருக்காது. அதற்காக அளக்காமல், படமெடுக்காமல் இடிக்க விடுவதை என்னால் ஏற்க முடியாது. அங்கே வரப்போகும் புதுக் கட்டடத்தின் அடித்தளத் தூண்களைச் சற்று நகர்த்தினால் தேய்ந்த தரை தப்பும் என்று வரைபடத்தோடு அறிக்கையில் எழுதினோம். முடியாவிட்டால் ஒவ்வொரு செங்கலையும் பதிவு செய்த பிறகே எடுக்க வேண்டும் என்றும் எழுதினோம். பெரியவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே மண்ணடுக்குப் படத்துக்குப் பக்கத்தில் சேர்த்துக் கொடுத்தோம்.